வண்டியின் ருத்தார்

நான் அழுத்தினேன், வண்டிதான் வரவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். அதில் என்னை நம்பியவர் எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்கோ காது சரியாகக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் நானும் மனைவியும் பிள்ளைச்சாவடிக்குப் போவது வழக்கம். அங்கே அவளுடைய அக்கா படுக்கையில் கிடக்கிறாள். வேறு யார் தலை வாரினாலும் அந்த அம்மாள் கத்துவாள். தங்கை போனால் மட்டும் பேசாமல் தலையைக் கொடுப்பாள். என் மனைவியோ முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆனவள். ஆட்டோவில் ஏறி இறங்கினால் அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். எங்கள் காரின் முன்சீட்டைப் பாதி சாய்த்துப் போட்டால்தான் அவளால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியும். அதனால் அக்காளின் தலை, தங்கையின் முதுகு, இந்த டீசல் கார், அதை ஓட்டும் நான் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தோம்.

வடக்கே போகும் பெரிய ரோட்டிலிருந்து அந்த ஊருக்குள் இறங்க வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே சென்னைப் பக்கமிருந்து பஸ்கள் வரும். அன்று மகளும் பின்சீட்டில் இருந்தாள். நான் நிறுத்திப் பார்த்தேன். ஒரு லாரி போனது, இரண்டு கார் போனது, அடுத்த பஸ் தொலைவில் வந்துகொண்டிருந்தது. திரும்புவதற்குப் போதுமான இடம் இருந்தது. கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வண்டி பாதி ரோடு வரை நகர்ந்து, அங்கேயே சோர்ந்துவிட்டது. எஞ்சின் அணையவில்லை. கால் தரை வரைக்கும் போயிருந்தது, ஆனாலும் இழுவை இல்லை. பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமலே வந்தான். அன், தெ, த்ருவா, கத்ர், சேங்க். பிரெஞ்சில் ஐந்து எண்ணினேன். பிறகு யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி வண்டி பாய்ந்து ஊர்ச்சாலைக்குள் விழுந்தது. அங்கே நின்ற இளநீர்க்காரர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடினார்.

பிறகு மகள் சொன்னாள்.

“அப்பா, நீங்க லேட்டா மிதிச்சீங்க.”

“நான் மிதிச்சேன். வண்டிதான் லேட்டு.”

“வண்டிக்கு இன்னாப்பா தெரியும்? நீங்க மிதிச்சாதானே அது போவும்?”

“உங்க அம்மாவ கேளு.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். “என்ன ஏன் இழுக்கறீங்க? நான் அப்பவே செத்துட்டேன்” என்றாள்.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. மகள் நிதானமாகத்தான் பேசினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. வண்டியை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வண்டியில் கோளாறு என்று அவர் சொன்னால் சாவி என்னிடமே இருக்கலாம். வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சாவி அவளிடம். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்தாளி வராத வாரம் கிடையாது. சாவி அவளிடம் போனால் பிள்ளைச்சாவடிக்கு மாதம் ஒரு முறை போனால் பெரிது. இது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

உழவர்கரையில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது, நல்ல குரல். எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் அதைத் தான் முதலில் பார்த்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். அவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே அப்படியே எழுத வேண்டியிருக்கிறது. “வண்டியில ருத்தார் இருக்கு. முன்ன இவ்வளவு இல்ல. இப்ப ரொம்ப ருத்தார்.”

ருத்தார் என்றால் தாமதம். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். மணி அடித்த பிறகு வருகிறவனின் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையை எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ காலமாகியும் வார்த்தை என் வீட்டைவிட்டுப் போகவில்லை. பஸ் ருத்தார், பால்காரன் ருத்தார், பூசைக்கு ருத்தாராகிவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் பேசுகிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து நர்ஸ் ஆன என் மனைவியும் அப்படித்தான் சொல்வாள். அது வெளியூர் வார்த்தை என்ற நினைப்பே எனக்கு இல்லை.

மெக்கானிக் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அது மரியாதை என்று நினைத்தேன்.

“சார், உங்களுக்கு எப்டி தெரியும்?”

“ஓட்டறவனுக்குத் தெரியாதா?”

“கரெக்ட்டு சார். வுட்டுட்டுப் போங்க. பாத்துட்டு போன் பண்றேன்.”

மூன்றாம் நாள் போன் வந்தது. அப்போது மகளும் வீட்டில் இருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

“சார், கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தேன், ஒரு எரர் கோடும் காட்டல. ஏர் ஃபில்டர் நல்லாருக்கு. டீசல் ஃபில்டர் மாத்திட்டேன். நீங்க சொன்னீங்களேன்னு அதையும் கழட்டிப் பாத்துட்டேன் சார். சத்தியமா சொல்றேன், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. வண்டியில ஒண்ணுமில்ல.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்து மாட்டும் ஆணியைப் பார்த்தாள். சாவி கடையில் இருந்ததால் ஆணி காலியாகத்தான் இருந்தது.

“சரிப்பா. நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்றாள்.

நான் ராத்திரி சாப்பிடவில்லை. கோபத்தால் அல்ல. பசி இல்லை. மெக்கானிக் சொல்லிவிட்டார், கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, மகள் சொல்லிவிட்டாள். மூன்று பேர் ஒரு பக்கம். ஒருவேளை என் கால்தான் எனக்குத் தெரியாமல் தாமதிக்கிறதோ என்று நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கித் தூக்கித் தரையில் அழுத்திப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

“இன்னா, தையல் மிஷின் ஓட்றீங்களா?”

“கால் லேட்டா போவுதான்னு பாக்கறேன்.”

“போய்ப் படுங்க.”

மறுநாள் காலை மகள் வருவதற்கு முன்னால் நானே பஸ் பிடித்து உழவர்கரைக்குப் போனேன். கடைசியாக ஒரு தடவை வண்டியைப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான். பானெட் திறந்திருந்தது. எஞ்சினின் ஒரு பக்கத்து மூடி முழுவதும் கழற்றப்பட்டு, பல் வைத்த பெல்ட்டும் சக்கரங்களும் வெளியே தெரிந்தன. சக்கரங்களில் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தார்.

“இத ஏன் கழட்டினீங்க?” என்றேன்.

“நீங்கதானே சார் ரிட்டார்டுன்னு சொன்னீங்க?”

“நான் எப்ப சொன்னேன்?”

“ருத்தாரு, ருத்தாருன்னு ரெண்டு தடவ சொன்னீங்க சார். சாருக்குப் பல்லு கட்னதுல ‘ட’ வரலன்னு நெனச்சேன்.”

பிறகுதான் விளங்கியது. அவர்கள் தொழிலில் ரிட்டார்டு என்றால் வேறு. எஞ்சினுக்குள் டீசல் எரிய வேண்டிய கணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கணம் தள்ளிப் போனால் டைமிங் ரிட்டார்டு ஆகிவிட்டது என்பார்கள். பெல்ட் ஒரு பல் நழுவினால் அப்படி ஆகுமாம். நான் தொழில் தெரிந்து நோயின் பெயரையே சொல்கிறேன் என்று நினைத்து, அவர் மூன்று நாளாக அந்த ஒன்றையே தேடியிருக்கிறார். நான் கேட்காத கேள்விக்குத்தான் ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் சொல்லியிருக்கிறார்.

“ருத்தார்னா லேட்டு. பிரெஞ்சு.”

“அடக் கடவுளே! லேட்டுன்னு சொல்லக்கூடாதா சார்? நான் பாட்டுக்கு எஞ்சின் மவுண்ட்டு வரைக்கும் கழட்டி, மூணு நாளா முட்டி தேஞ்சிபோச்சு. இன்னாதான் லேட்டு? மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

முதலிலிருந்து சொன்னேன். அழுத்தினால் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு மொத்தமாக வருகிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம். பின்னால் கரும்புகை விடுகிறது. அவர் ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, “இது டர்போ லேக்கு சார்” என்றார்.

மூடியையெல்லாம் பூட்டி, வண்டியை அவரே மாலையில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சாவியை வாங்கிப் போக மகளும் வந்திருந்தாள். வாசலிலேயே மூன்று பேருக்கும் பாடம் நடத்தினார். டீசல் எரிந்து வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சக்கரம் வேகம் எடுக்கும்வரை எஞ்சினுக்கு மூச்சு போதாது. அந்த இடைவெளிதான் லேக். எல்லா டர்போ வண்டியிலும் கொஞ்சம் உண்டு.

“லேக்குன்னா ஏரிதானே? ஊசுட்டேரியா?” என்றாள் மனைவி.

“அந்த ஏரியே வத்திப்போச்சும்மா, இது வத்தல” என்றார் அவர். “எவ்ளோ நேரம் லேக்கு அடிக்குதுன்னு பாக்கணும். ஒரு நொடின்னா கம்பெனில வந்தது. அதுக்கு மேலன்னா கோளாறு. வாங்க, எல்லாரும் ஏறுங்க.”

அவர் ஓட்டினார். முன்சீட்டு மனைவியுடையது, அதை யாருக்கும் விடமாட்டாள். நானும் மகளும் பின்னால். ஊரைத் தாண்டி ரோடு காலியானதும் அவர் மூன்றாவது கியரில் மெதுவாக ஓட்டி, திடீரென்று முழுக்க அழுத்தினார். எல்லோரும் எண்ணினோம்.

“அஞ்சு” என்றேன்.

“மூணுதான் சார்.”

“ரெண்டரை” என்றாள் மகள். அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா எண்ணறது வேற கணக்கும்மா” என்றார் மெக்கானிக். “சார், இன்னொரு தடவ. வாய் வுட்டு எண்ணுங்க.”

எண்ணினேன். அன், தெ, த்ருவா. நாக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் எண்கள் அவை. பயம் வந்தால் இன்னும் வேகமாகப் போகும். அவரோ ஒண்ணூ, ரெண்டூ என்று ஒவ்வொன்றையும் இழுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு பஸ்ஸின் முன்னால் நின்று எண்ணியது தப்பு என்று என் மகளுடைய போன் சொல்லிக்கொண்டிருந்தது.

“பார்த்தீங்களா? ரெண்டரை நொடிக்கா இவ்வளோ கலாட்டா?” என்றாள் மகள்.

“ரெண்டரையே ஜாஸ்திம்மா” என்றார் மெக்கானிக். “ஒண்ணுதான் இருக்கணும். டர்போவே போயிருக்கும்னு நெனைக்கறேன். கழட்டி எறக்கிடலாம்.”

அப்போது மனைவி கையைத் தூக்கினாள். “பேசாம இருங்க. ஏசியும் ரேடியோவும் நிறுத்திட்டு இன்னொரு தடவ அழுத்துங்க.”

அழுத்தினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது போலவே.

“வீசிங் இருக்கு” என்றாள். “அழுத்தும்போது மட்டும் வருது. இந்தப் பக்கம், கீழ. உள்ள போற காத்து போற வழியிலேயே ஒழுவுது. நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, கொழாய்ல ஓட்டை.”

“அப்டியெல்லாம் காதால கேட்டுச் சொல்ல முடியாதும்மா, டர்போதான்” என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் வண்டியைத் தன் கடைக்குத் திருப்பினார். ஷெட்டில் அவள் இறங்க மறுத்துவிட்டாள். ஏறி இறங்கினால் முதுகு தாங்காது என்றாள். அதனால் வண்டிக்குள் அவள் சாய்ந்து படுத்திருக்க, அவர் பானெட்டைத் தூக்கிக் காற்றுக் குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரிலிருந்து குழாய்க்குள் காற்று விட்டார். மேல் பக்கம் ஒன்றும் இல்லை. கீழே கையை விட்டுத் தடவியபோது, குழாயை இறுக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் நுரை பொங்கியது. ரப்பர் குழாய் எண்ணெயில் ஊறி, அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சும்மா இருக்கும்போது மூடிக்கொள்ளும், காற்று அழுத்தம் வந்தால் வாய் திறக்கும். டர்போ காற்றைத் தள்ளத் தள்ளப் பாதி வெளியே போயிருக்கிறது.

“ஓட்டைதான?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன்” என்றார் மெக்கானிக்.

மகள் குனிந்து அந்த நுரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சாரிப்பா. வண்டிதான்” என்றாள். வண்டியிலிருந்த சாவியை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். எனக்கு அப்போது உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஜெயித்தவனுக்கும் கால் வலிக்கும்.

புதுக் குழாய் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. மாட்டி முடிக்க இருட்டத் தொடங்கிவிட்டது. மகளை மூலக்குளத்தில் அவள் வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் போகலாம் என்று முடிவாயிற்று. நான் ஓட்டினேன்.

முதல் சிக்னலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் குழந்தை. சிக்னல் இன்னும் சிவப்பு. மாறப் போகிறது என்று என் கால் முன்கூட்டியே அழுத்தத் தொடங்கியது. இத்தனை மாதமும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். இடம் கிடைக்கும் முன்பே அழுத்தி வைத்தால், இடம் கிடைக்கும்போது வண்டி வந்து சேரும். இப்போது வண்டி உடனே வந்தது. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிரேக் பிடித்தேன். குழந்தை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. மகள் போனில் யாருக்கோ வண்டி சரியானதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். அவள் கை டாஷ்போர்டைப் பிடித்திருந்தது.

சரி, இனிமேல் முன்கூட்டி அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். பார்த்து, நிச்சயம் செய்துகொண்டு, பிறகு அழுத்த வேண்டும். வில்லியனூர் ரோட்டில் மகள் வீட்டுத் தெருவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. இண்டிகேட்டர் போட்டு நின்றேன். எதிரே வண்டிகள். ஒரு இடைவெளி வந்தது. போகலாமா என்று பார்த்தேன். போகலாம் என்று நிச்சயமானபோது இடைவெளி போய்விட்டது. அடுத்தது வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவது நன்றாகவே பெரியது, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். என் கண் பார்த்தது, புத்தி சரி என்றது, கால் அசைந்தபோது எதிரே ஒரு மினி லாரி வந்துவிட்டது.

“தாத்தா, போறியா, இல்ல எறங்கித் தள்ளட்டா?” என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை. காலை வைத்தால் போதும், ஓடுவதற்கு ஆயத்தமாக நின்றது. அதன் தாமதத்துக்கு அடியில் என்னுடையது இத்தனை நாள் மறைந்து கிடந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். குழாயை மாற்றியதில் ஒன்று போய்விட்டது. மற்றதற்கு அந்தக் கடையில் சாமான் கிடையாது.

இண்டிகேட்டரை மாற்றி, வண்டியை மெல்ல இடது பக்கம் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன்.

“இன்னாப்பா? மறுபடியும் இழுக்கலையா?” என்றாள் மகள்.

“இழுக்குது. நீ வந்து ஓட்டு.”

“ஏன்ப்பா? அதான் சரியாயிடுச்சே.”

“எறங்கி வா.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். இந்த வண்டியில் பின்சீட்டில் ஒரே நாளில் இரண்டு தடவை உட்கார்ந்தது அன்றுதான். முட்டிக்கு இடம் போதவில்லை. மகள் சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பினாள், வலது பக்கம் திரும்பாமல் நேராகப் போக ஆரம்பித்தாள்.

“மொதல்ல உங்கள வீட்ல வுட்டுடறேன். அவரு வந்து என்ன கூட்டிட்டுப் போவாரு” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “சூப்பரா இழுக்குதுப்பா” என்றாள். அவள் ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு நான் முயன்றேன்.

“சனிக்கிழம சாயங்காலம்னா எனக்கு முடியும். ஞாயித்துக்கெழமதான் முடியாது. சனிக்கிழம பெரியம்மா வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்டாள். கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. மனைவி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அக்காளுக்குக் காதில் வைத்துக் கொடுக்க ஆள் வரும்வரை காத்திருந்தாள்.

“அக்கா, நான்தான். இனிமே ஞாயித்துக்கெழம வர மாட்டேன், சனிக்கிழம சாயங்காலம் வரேன். ஆமா, ஒவ்வொரு வாரமும். எண்ண தேச்சி வைக்கச் சொல்லு.”

அக்காளின் குரல் பின்சீட்டு வரைக்கும் கேட்டது. “ஏன்டி, உன் வூட்டுக்காரரு வண்டிக்கு இன்னாச்சு?”

“வண்டி நல்லாருக்கு” என்றாள் மனைவி. போனை அணைத்தாள்.